கொள்ளாம்

ஷெமி எதைக் காட்டினாலும் நான் "கொள்ளாம்" என்று சொல்லிவிடுவேன். புதுக் குர்த்தா, அவள் வைத்த மீன்குழம்பு, அவளைப் பெண் பார்க்க வரப்போகிறவனின் புகைப்படம், எல்லாவற்றுக்கும் அதே சொல். திருவனந்தபுரத்தில் ஒன்று நன்றாக இருக்கிறது என்பதற்கு அப்படித்தான் சொல்வார்கள். நன்றாக இல்லை என்பதை மரியாதையாகச் சொல்வதற்கும் அதுவேதான். நடுவில் இருக்கும் ஆவை இழுத்தால் மனதார. சட்டென்று முடித்தால் ஆளை விடு என்று பொருள். நான் எப்போதும் சட்டென்று முடிப்பேன். அதற்கு மேல் பேச வேண்டி வராது.

கழக்கூட்டத்தில் நானும் அவளும் ஒரு வாடகை ஃப்ளாட்டில் இருக்கிறோம். அவளுக்கு ஐ.டி. பார்க்கில் ஹெச்.ஆர். வேலை. எனக்கு இரண்டு கட்டடம் தள்ளி, படங்களுக்கும் தொடர்களுக்கும் வரும் தமிழ் சப்டைட்டிலைச் சரிபார்க்கும் வேலை. படித்தது வேதியியல். அப்பா வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வந்து சாலை பஜாரில் ஒரு பாத்திரக் கடையில் நிற்கிறார். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம் என்று வளர்ந்தேன். இந்த வேலை கிடைத்தது அதனால்தான். வேதியியலை யாரும் கேட்கவில்லை.

அலுவலகத்தில் எல்லாப் படங்களையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்ப்போம். பேச்சும் எழுத்தும் பொருந்துகிறதா என்பது மட்டும்தான் கணக்கு. சண்டையும் ஒன்றரை வேகம், சாவும் ஒன்றரை வேகம். காதலைச் சொல்லும் இடங்களில் எல்லோருக்கும் எங்கோ பஸ் பிடிக்க வேண்டியிருப்பது போலத் தோன்றும். வேலைக்குச் சேர்ந்த பிறகு வீட்டில் படம் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

அதனால் அந்தச் சனிக்கிழமை மத்தியானம் ஷெமி என் கட்டிலில் ஒரு பென் டிரைவைப் போட்டபோது எனக்குக் கொஞ்சம் அலுப்பாக இருந்தது.

"எடீ செல்வி, ஒரு உபகாரம். அண்ணனுக்க படம்."

"என்ன படம்?"

"அவன் எடுத்த படம் தான். நாகர்கோவில்ல ஏதோ ஃபிலிம் கிளப்புகாரங்க போடுகாங்களாம். மலையாளம் பேசுக இடத்துக்கு மட்டும் தமிழ்ல எழுதிக் குடுத்தா மதி."

மதி என்றால் போதும் என்று பொருள். ஷெமியின் அம்மா மார்த்தாண்டம், அப்பா வித்துரா. அவளுக்கு ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு மொழியும் இடித்துக்கொண்டு உட்காரும்.

"நீ பாத்தியா?"

"நானா? கல்யாண வீடியோ எடுக்கியவன் படம் எடுத்தா அதுல என்னத்த இருக்கும்? பத்து நிமிஷம் பாத்தேன். பின்ன உறங்கிப்போனேன்."

ஷெமியின் அண்ணன் விஜின் வித்துராவில் கல்யாண வீடியோ எடுப்பவர். ஷெமியின் அக்கா கல்யாணத்துக்கு அவர் எடுத்த வீடியோவை நான் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு தாமரை விரிய, உள்ளே அக்கா உட்கார்ந்திருப்பாள். அத்தான் கோட்டு சூட்டுடன் கடலுக்குள்ளிருந்து நடந்து வருவார். சர்ச்சின் மேல் ரோஜாப்பூ மழை பெய்யும்.

அவர் எப்போதாவது பலாப்பழமோ கப்பைக் கிழங்கோ கொண்டுவந்து கொடுக்க எங்கள் ஃப்ளாட்டுக்கு வருவார். நான் அடுக்களையில் நின்றுகொள்வேன். "அவளுக்குச் சொளை வேணுமான்னு கேளு" என்று ஷெமியிடம் சொல்வார். "வேணும்னு சொல்லு" என்று நானும் ஷெமியிடமே சொல்வேன். நடுவில் ஒரு சுவர்தான். ஒருநாள் ஷெமி, "நான் என்ன, தபாலாபீஸா?" என்று கத்தினாள். அப்படியும் அது மாறவில்லை.

ஹெட்போனை மாட்டி, வேகத்தை ஒன்றரைக்கு வைத்துப் படத்தை ஓடவிட்டேன்.

முதலில் ட்ரோன். பொன்முடி மலை, மேகம், கொண்டை ஊசி வளைவுகள், மறுபடி மேகம். பின்னால் புல்லாங்குழல். பிறகு அதே மலை இடமிருந்து வலமாக. நான் நினைத்தபடியேதான் இருந்தது. தாமரை ஒன்றுதான் விரியவில்லை. அடுத்த அறையிலிருந்து ஷெமி கேட்டாள்.

"எப்படி உண்டு?"

"கொள்ளாம்," என்றேன், சட்டென்று.

அதன் பிறகுதான் படம் தொடங்கியது.

கல்லாற்றில், பொன்முடிக்கு ஏறும் சாலையோரம் ஒரு சாயாக்கடை. சாயா, ஆம்லெட், கண்ணாடிப் பரணியில் உப்பிலிட்ட நெல்லிக்காய். கடையை நடத்துவது ஒரு கணவனும் மனைவியும். மனைவியாக நடித்தது ஷெமியின் சித்தி சரசம்மா. கணவனாக நேசையன் என்று ஒருவர், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். அவள் எல்லையின் அந்தப் பக்கத்துக்காரி, தமிழில்தான் பேசுவாள். அவர் மலையாளம். இருவருக்கும் ஏதோ பிணக்கு. என்ன பிணக்கு என்று படம் கடைசிவரை சொல்லவில்லை. இருவரும் நேருக்கு நேர் பேசுவதில்லை. ஆனால் கடை நடக்க வேண்டுமே. வருகிறவர்கள் மூலம் பேசிக்கொள்கிறார்கள்.

பைக்கில் வந்த ஒருவனிடம் அவள், "பாலு திரிஞ்சு போச்சுன்னு அவருட்ட சொல்லுங்கோ" என்கிறாள். அவர் கையெட்டும் தூரத்தில்தான் நிற்கிறார். பைக்குக்காரன் திரும்பி, "சேட்டா, பால் பிரிஞ்ஞு போயி" என்கிறான்.

"ஃப்ரிட்ஜ் நல்லா அடைக்கான் ஞான் நேற்றே பறஞ்ஞது. பறஞ்ஞேக்கு," என்கிறார் அவர்.

பறஞ்ஞேக்கு என்றால் சொல்லிவிடு. படத்தின் பெயரும் அதுதான்.

அடுத்து டெல்லியிலிருந்து வந்த ஒருவர். அவருக்கு இரண்டு மொழியும் தெரியாது. அவள், "முட்டை தீந்தாச்சு" என்று சொல்லிக் கணவன் இருந்த பக்கம் கையைக் காட்டுகிறாள். அவர் நல்ல மனிதர். கேட்ட சத்தத்தைச் சிந்தாமல் கொண்டுபோய், "முத்தே தின்தாசு" என்று கணவனிடம் ஒப்படைக்கிறார். கணவன் யோசிக்கிறார். ஆம்லெட் சட்டியைப் பார்க்கிறார், முட்டை அட்டையைப் பார்க்கிறார். புரிகிறது. சிரிப்பு வருகிறது. அவளுக்கும் வருகிறது. இருவரும் ஒரே நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

அந்த இடத்தில் படத்தை நிறுத்தினேன். வேகத்தை ஒன்றுக்கு இறக்கினேன். சிரிப்பை அடக்குவதற்கு அவர்கள் உண்மையில் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தேன். ஹெட்போனுக்குள் தனியாகச் சிரித்தேன்.

பிறகு மழை வருகிறது. மேலே எங்கோ மண் சரிந்ததாக ஒரு ஃபாரஸ்ட் வாட்ச்சர் வந்து சாலையின் குறுக்கே சங்கிலியைக் கட்டிவிட்டுப் போகிறார். போகும்போது அவரிடம் அவள் எதையோ சொல்ல வாயெடுக்கிறாள். அவர் அதற்குள் குடையைப் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார். இனி யாரும் வரமாட்டார்கள். அவர்களுக்குப் பேச ஆளில்லை.

அதன் பிறகு மழைதான். கடையின் ஒரு ஓரத்தில் அவர், மறு ஓரத்தில் அவள். தகரக் கூரையில் ஓரிடம் ஒழுகுகிறது. அவள் ஒரு செம்பை வைக்கிறாள். சொட்டுச் சத்தம் அவருக்குத் தொந்தரவாக இருக்கிறது. எழுந்து வந்து செம்புக்குள் ஒரு துணியைப் போடுகிறார். சத்தம் அடங்குகிறது. சிறிது நேரம் கழித்து அவள் எழுந்து போய்த் துணியை எடுத்துவிடுகிறாள். சத்தம் வருகிறது. கடைசியில் அவர் செம்பை எடுத்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் வாளியை வைக்கிறார். அது இருவருக்கும் ஒத்துப்போகிறது. இவ்வளவுதான் நடக்கிறது. கேமரா எங்கும் நகரவில்லை. புல்லாங்குழல் இல்லை. நான் மூச்சு விடுவதற்கே யோசித்தேன்.

இருட்டத் தொடங்கும்போது அவர் கஞ்சி வைக்கிறார். பெஞ்சில் இரண்டு தட்டுகளை வைத்து அவள் தட்டில் அகப்பையால் விளம்புகிறார். நம் பக்கத்தில் விளம்புகிறவர் தானாக நிறுத்தக் கூடாது, சாப்பிடுகிறவர் சொல்ல வேண்டும். காலையிலிருந்து வாடிக்கையாளர்களிடம் பத்து முறையாவது "போதும், போதும்" என்றவள்தான் அவள். இப்போது சொல்வதற்கில்லை. சொன்னால் அவரிடம் சொன்னதாகிவிடும். அவர் இன்னொரு அகப்பை ஊற்றுகிறார். அவள் மழையைப் பார்க்கிறாள். இன்னொன்று. கஞ்சி விளிம்பைத் தொட்டு, வழிந்து, பெஞ்சில் ஓடி, கீழே சொட்டுகிறது. அவர் நிறுத்தவில்லை. அவள் திரும்பித் தட்டைப் பார்க்கிறாள், பிறகு அகப்பை பிடித்த அவர் கையைப் பார்க்கிறாள்.

"மதி," என்கிறாள்.

போதும் என்று சொல்லவில்லை. அவருடைய சொல்லை எடுத்துச் சொல்கிறாள். படம் அதோடு முடிந்துவிட்டது. திரை கருப்பாகிப் பெயர்கள் ஓடின. சரசம்மா என்ற பெயரில் எழுத்துப்பிழை இருந்தது. ஒரு சப்டைட்டில்கூட நான் எழுதியிருக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இதை எடுத்தவர்தான் அக்காவைத் தாமரையில் உட்கார வைத்தவர். எனக்கு அது பிடிபடவில்லை. முகத்தைக் கழுவிவிட்டு வந்து, முதலிலிருந்து ஓட்டி, ஒவ்வொரு வரியாக எழுதினேன். எல்லா வரிகளும் எளிதாக வந்தன. கடைசிச் சொல்லுக்கு வந்ததும் கை நின்றது. கேட்கிற ஒவ்வொரு சொல்லுக்கும் எழுத்து இருக்க வேண்டும் என்பது அலுவலக விதி. மதிக்குத் தமிழில் போதும் என்று எழுத வேண்டும். எழுதினால் அவள் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்ததையே மறுபடி சொன்னதாக ஆகிவிடும். அந்த இடத்தை வெறுமையாக விட்டேன். நாகர்கோவில்காரர்களுக்கு மதி தெரியாதா என்ன.

முடித்ததும் ஷெமியின் அறைக்குப் போனேன். நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள்.

"ஷெமி, அந்தப் படம்..."

"அதான் அப்பவே பறஞ்ஞாச்சே."

"யார்ட்ட?"

"அண்ணன்ட்ட. நீ கொள்ளாம்னு சொன்னதும் வாய்ஸ் போட்டாச்சு. அவனும் போட்டிருக்கான், கேளு."

சாயம் காயாத விரலால் ஃபோனைத் தொட்டாள். பின்னணியில் செண்டைச் சத்தம், தட்டுமுட்டுச் சத்தம். ஏதோ கல்யாண வீட்டில் நின்று விஜின் பேசியிருந்தார்.

"ம். செல்வியும் கொள்ளாம்னு சொன்னாளா. அப்பம் வெட்ட வேண்டியதுதான். படம் கண்டவனுவ எல்லாரும் மழை லாக்கு, மழை லாக்குன்னு பறயானுவ. நாளை நெடுமங்காட்டுல கல்யாணம் உண்டு, சாப்பாடு எடுத்து முடிஞ்சதும் ரதீஷுக்க ஸ்டுடியோல இருந்து மழையும் கஞ்சியும் வெட்டிட்டு ஒரு பாட்டு கேற்றிரலாம். சாயங்காலம் நாகர்கோவில்காரனுக்குக் குடுக்கணும். டிஸ்க்கைக் காலியாக்கணும், அடுத்த கல்யாணத்துக்கு இடம் இல்ல. அவ எழுதினத அனுப்பித் தரச் சொல்லு."

கேற்றுவது என்றால் சேர்ப்பது, லாக் என்றால் இழுவை. கேரளத்தில் எந்தப் படத்தையும் கொல்வதற்கு அந்த ஒரு சொல் மதி.

"ஷெமி, மழைய வெட்டக்கூடாதுன்னு அவர்ட்ட சொல்லு."

"நானா?"

"கஞ்சியும்."

"எடீ, நான் பறஞ்ஞா அவன் நம்பமாட்டான். ஒரு நாளு படம் சூப்பர்னு பறஞ்ஞேன். அப்படியா, கடைசில என்ன வருதுன்னு கேட்டான். ரெண்டு பேரும் கெட்டிப்பிடிச்சிக்கிடுவாங்கன்னு ஒரு குத்து மதிப்பாச் சொன்னேன். ஒரு வாரம் மிண்டல்ல, ஒரு பேச்சும் இல்ல." விரல்களை ஊதினாள். "அதுல நீ அழுதியா? கண்ணு செவந்திருக்கு."

"டிஸ்க்கைக் காலி பண்ணிட்டா பின்ன இருக்காதே. பென் டிரைவ்ல உள்ளது மங்கலான காப்பி, திரையில போட ஆகாது."

"அப்பம் நீயே விளிச்சுப் பறை."

அழைத்தேன். அவர் எடுக்கவில்லை. நான் உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியடைந்தேன் என்பதும் உண்மை. எழுதலாம் என்று உட்கார்ந்தேன். "படம் அருமை" என்று எழுதினால் யாரோ கல்யாண வீடியோவுக்குக் கீழே போட்ட கமென்ட் போலிருந்தது. "மிகவும் நன்றாக இருந்தது" என்பது விடைத்தாளில் வாத்தியார் எழுதியது போல. "வெட்ட வேண்டாம்" என்று மட்டும் எழுதினேன். சப்டைட்டில் எழுத வந்தவள் அதைச் சொல்ல யார்? அழித்தேன். இருக்கிற ஒரு நல்ல சொல்லை நான் மீன்குழம்புக்கும் குர்த்தாவுக்கும் தின்று தீர்த்திருந்தேன். மிச்சமிருந்ததை ட்ரோனுக்குக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை ஷெமி ஆராதனைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். கொயரில் பாடுகிறவள், தவறவிட முடியாது. நான் செருப்பு மாட்டுவதைப் பார்த்து நின்றுவிட்டாள். எனக்கு ஞாயிற்றுக்கிழமை செருப்பு மாட்டும் வழக்கம் இல்லை.

"எங்கேடீ?"

"நெடுமங்காடு."

"ஒற்றைக்கா? ஆளிறங்கணும்னு கண்டக்டர்ட்ட விளிச்சுப் பறய நாணிச்சு, ஸ்டாப்பு கழிஞ்சு இறங்கி ரெண்டு கிலோமீட்டர் நடந்து வந்த ஆளு நீ."

"நெடுமங்காடு பஸ் ஸ்டாண்டு கடைசி ஸ்டாப்பு."

அவள் சிரித்தாள். பிறகு சிரிக்காமல், "ஆடிட்டோரியம் ஸ்டாண்டுக்குப் பக்கத்துலதான். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. பெண்ணு வீட்டுக்காரங்க நீ செறுக்கன் வீடுன்னு நினைப்பாங்க, செறுக்கன் வீட்டுக்காரங்க மறிச்சு நினைப்பாங்க," என்றாள்.

அவள் சொன்னபடிதான் ஆனது. வாசலில் ஒருவர் எனக்குப் பன்னீர் தெளித்தார், இன்னொருவர் கற்கண்டு கொடுத்தார். உள்ளே தாலி கட்டி முடிந்து படம் எடுக்கும் நேரம். விஜின் மேடையில் நின்று மாப்பிள்ளையை அதட்டிக்கொண்டிருந்தார்.

"செறுக்கா, தாடையத் தாழ்த்து. பொண்ணே, நல்லா சிரி. நாளை முதல் சிரிக்க நேரம் காணாது."

கூட்டம் சிரித்தது. நான் ஒரு தூணோரம் நின்றேன். அவர் மேடையை விட்டு இறங்கியதும் போய்ச் சொல்லிவிடலாம் என்று முதல் வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டேன். அவர் இறங்கவில்லை. பெண்ணின் மாமன்கள் இறங்கினார்கள், சித்தப்பாக்கள் ஏறினார்கள். அதற்குள் சாப்பாட்டு ஹால் கதவு திறந்துவிட்டது. திருவனந்தபுரம் கல்யாணத்தில் அந்தக் கதவு திறக்கும்போது நிற்கக் கூடாத இடத்தில் நான் நின்றிருந்தேன். முதுகில் தள்ளிய தள்ளலில் உள்ளே போய்விட்டேன். செட்டுமுண்டு கட்டிய ஒரு சேச்சி என் கையைப் பிடித்து இழுத்தார்.

"மோளே, இங்கோட்டு இரி. நோக்கி நிந்நா சீட்டு போகும்."

உட்கார்ந்தேன். முன்னால் இலை.

"பெண்ணின்டெ கூட்டுகாரியா?"

தலையை எப்படியோ ஆட்டினேன். பருப்பு, அவியல், பச்சடி எல்லாம் வந்தன. சோறு வந்தது. எனக்கு மதி சொல்லத் தெரியாது, கையை மட்டும் இலைமேல் நீட்டுவேன். விளம்புகிறவர்கள் கையைப் பார்ப்பதில்லை, காதால்தான் விளம்புவார்கள். என் இலையில் சோறு ஒரு குன்றாக நின்றது.

அப்போது வரிசையின் தலைப்பில் வெள்ளை விளக்கு எரிந்தது. சாப்பிடுகிறவர்களை எடுக்க விஜின் வந்துகொண்டிருந்தார். ஒவ்வொருவரிடமும் கேமராவைக் காட்டி, "பெண்ணுக்கும் செறுக்கனுக்கும் ரெண்டு வாக்கு" என்று கேட்டார். ஒருவர் வாயில் அப்பளத்தோடு வாழ்த்தினார். பக்கத்துச் சேச்சி முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "தெய்வம் அனுக்ரஹிக்கட்டே. அவியல் கொள்ளாம்," என்றார்.

விளக்கு என்மேல் விழுந்தது. கேமராவின் சின்னத் திரையில் என் முகத்தைப் பார்த்தவர் தலையைத் தூக்கினார்.

"இது ஷெமிக்க கூட இருக்குத செல்வியல்ல? நீ பெண்ணுக்க சைடா?"

"இல்ல."

"பின்ன, செறுக்கனுக்க?"

"இல்ல அண்ணா."

அவர் ஒரு கணம் என்னையும் என் சோற்றையும் பார்த்தார். "சரி, வந்தாச்சல்ல. ரெண்டு வாக்கு பறை" என்று கேமராவுக்குப் பின்னால் போய்விட்டார்.

முகம் மறைந்ததும் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்தது. லென்ஸைப் பார்த்துச் சொன்னேன்.

"மழைய வெட்டாதீங்க."

கேமரா அசையவில்லை.

"நேத்து கொள்ளாம்னு சொன்னது ட்ரோனைப் பாத்து. அப்ப படம் தொடங்கவே இல்ல. ஷெமி கேட்டா, சும்மா சொல்லிட்டேன். பின்னதான் பாத்தேன். லாக்கெல்லாம் இல்ல. அவங்களுக்குப் பேச ஆளில்ல. ஆளில்லாம ஒருத்தர்ட்ட பேசறதுக்கு அவ்வளவு நேரம் ஆகும்." சேச்சி சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று தெரிந்ததால் பேசிக்கொண்டே போனேன். "காலேஜ்ல டைட்ரேஷன் பண்ணுவோம். ப்யூரெட்லேர்ந்து சொட்டுச் சொட்டா விடணும். ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாது, பின்ன ஒரு சொட்டுல குடுவை முழுக்க நெறம் மாறிரும். முன்னால உள்ள சொட்டெல்லாம் லாக்குன்னு எடுத்துட்டா அந்த ஒரு சொட்டும் வராது. கஞ்சி அப்படித்தான் இருக்கு. அதை எடுத்துட்டு பாட்டு போடாதீங்க."

"ஈ குட்டி எந்தா பறயுந்நது?" என்று சேச்சி எதிர் வரிசையைக் கேட்டார். எதிர் வரிசைக்கும் தெரியவில்லை.

கேமராவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. "கடைசி வரை கண்டியா?"

"கண்டேன்."

"கடைசி வாக்குக்கு என்ன எழுதின?"

"ஒண்ணும் எழுதல."

"ஏன்?"

"போதும்னு எழுதினா, அவங்க தன்னோட பாஷைல சொன்னதா ஆயிரும். அவரு பாஷைலல்லவா சொன்னாங்க. அதான் விட்டுட்டேன்."

கேமரா மெதுவாக இறங்கியது. நான் அவர் முகத்தை அவ்வளவு அருகில் பார்த்ததில்லை. ஷெமிக்கு இருக்கும் அதே குழி அவர் கன்னத்திலும் இருந்தது.

"கொள்ளாம்."

ஆவை இழுத்துச் சொன்னார். நீளமாக, ஆளை விடு என்பது எங்கும் இல்லாமல்.

"நான் அந்த சீன் எடுத்தப்பம் சித்தி போதும்னுதான் பறயணும். அப்படித்தான் எழுதியிருந்தேன். அவங்களா மதின்னு பறஞ்ஞாங்க. நான் கட் சொல்லவே மறந்து நின்னேன். அதுக்குப் பொறவு ஒருத்தரும் அந்த மதியக் கேட்டதா எங்கிட்ட பறயல்ல. பின்ன எனக்கே சம்சயம் வந்துது." அவர் விளக்கை அணைத்தார். "ட்ரோன் எப்படி?"

இலையைப் பார்த்தேன். "ட்ரோனை வேணும்னா வெட்டலாம்."

"ரிச்சா இருக்கட்டும்னு ரதீஷு கேற்றினது," என்றார் அவர். ஆனால் காது சிவந்தது. புல்லாங்குழலாவது அவர் தேர்ந்தெடுத்ததாக இருக்க வேண்டும்.

கேமராவைத் தோளில் மாற்றிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனார். போகிற போக்கில் ஃபோனைக் காதில் வைத்துப் பேசுவது கேட்டது. "ரதீஷே, மழை அங்ஙன கிடக்கட்டு. தொடக்கத்துல உள்ள ட்ரோனை எடுத்தேரு. எடேய், காரணம் பின்ன பறயாம். ஒரு ஆளு வந்து பறஞ்ஞுது."

அவர் கேமராவை நிறுத்தியிருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. யாரென்றே தெரியாத இருவரின் கல்யாண வீடியோவில், அவியல் கொள்ளாம் என்பதற்கு அடுத்து, டைட்ரேஷன் பற்றி நான் பேசியது இருக்கும். அவர் அதை வெட்டுவாரா, மாட்டாரா என்று ஓடிப்போய்க் கேட்கத் தோன்றியது. இன்றைக்கு நான் பேசியதே அதிகம்.

"மோள் சினிமாக்காரியாணோ?" என்று சேச்சி கேட்டார்.

"இல்ல. வேதியியல்."

அவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு எனக்காக விளம்புகிறவரைக் கூப்பிட்டார். போளி வந்தது. அதன்மேல் பால்பாயசத்தை ஊற்றத் தொடங்கினார் விளம்புகிறவர். போளி முழுகியது. பாயசம் இலையின் நடு நரம்பைத் தாண்டி என் பக்கம் ஓடி வந்தது. அகப்பையைச் சாய்த்தபடியே அவர் என் வாயைப் பார்த்தார்.

மதி சொல்ல வேண்டிய இடம்தான். நான் சொல்லவில்லை. பாயசம் நன்றாக இருந்தது.